கீபோட்டின் குமிழ்களுக்கும் ஸ்லைடர்களுக்கும் வேலை பிரித்துக் கொடுப்பது

கீபோட்டில் திருப்பும் குமிழ், மேலும் கீழும் தள்ளும் ஸ்லைடர் எத்தனை இருந்தாலும், பாட்டின் நடுவில் கை தேடிப் போவது இரண்டு மூன்றைத்தான். அதனால் எல்லாவற்றுக்கும் வேலை கொடுக்க வேண்டாம். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கக் கோயில் திருவிழாக்களில் வாசிக்கத் தொடங்கும் தம்பிமாருக்கு நான் முதலில் சொல்வது: மெனுவுக்குள் போக முன்னம் பாட்டை ஒருதரம் கேளுங்கள். எந்த இடத்தில் எது ஏற வேண்டும், எது இறங்க வேண்டும் என்று ஒரு கடதாசியில் எழுதுங்கள்.

பல்லவிக்குப் பியானோ மட்டும் போதும். சரணத்தில் ஸ்ட்ரிங்ஸ், அதாவது வயலின் கூட்டத்தின் ஒலி, மெல்ல ஏற வேண்டும். இடையிசையில் லீட் டோன், அதாவது மெட்டை முன்னின்று வாசிக்கும் ஒலி, கொஞ்சம் கூர்மையாக வேண்டும். அநேகமான பாட்டுக்கு இவ்வளவுதான். அப்போ முதல் ஸ்லைடர் பியானோவுக்கு, இரண்டாவது ஸ்ட்ரிங்ஸுக்கு, ஒரு குமிழ் லீட்டின் கூர்மையைக் கூட்டிக் குறைக்கும் கட்ஓஃபுக்கு. இந்த ஒழுங்கை எல்லாப் பாட்டிலும் மாற்றாமல் வையுங்கள். இருட்டு மேடையில் கண் உதவாது, கைப்பழக்கம்தான் உதவும்.

ஸ்லைடரை எதோடு இணைப்பது என்பதில்தான் பலர் இடறுகிறார்கள். கீபோட்டுகள் கட்டளை பரிமாறும் முறையான மிடியில் (MIDI) ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் சிசி (CC) என்று ஓர் எண் உண்டு: சிசி 7 வொலியூம், சிசி 11 எக்ஸ்பிரஷன். இரண்டும் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும், ஆனால் வேலை வேறு. 7 அந்த டோனின் உச்ச அளவைத் தீர்மானிக்கிறது. 11 அந்த உச்சத்துக்குள்ளே ஏற்றி இறக்குகிறது. சவுண்ட் செக்கில் 7ஐ வைத்துப் பியானோவையும் ஸ்ட்ரிங்ஸையும் சமப்படுத்திவிட்டு, ஸ்லைடருக்கு 11ஐக் கொடுங்கள். பிறகு ஆவேசத்தில் முழுதாகத் தள்ளினாலும் பாடகரின் குரலை ஸ்ட்ரிங்ஸ் மூடாது.

கட்ஓஃப் சிசி 74. அளவு 0 முதல் 127 வரை போகும், ஆனால் அவ்வளவும் நமக்குத் தேவையில்லை. அடியில் விட்டால் டோன் போர்வைக்குள் இருந்து பேசுவது போலாகிவிடும். உங்கள் கீபோட்டில் கீழெல்லை, மேலெல்லை வைக்க வழியிருந்தால் 50க்கும் 110க்கும் இடையில் நிறுத்திப் பாருங்கள், அப்புறம் காதைக் கேட்டு மாற்றுங்கள். யமஹா மொடெக்ஸ் (MODX) கீபோட்டில், குமிழைத் திருப்பத் திருப்ப அளவு எப்படி மாற வேண்டும் என்பதற்கு வளைகோடே தெரிவு செய்யலாம். அதிலுள்ள சூப்பர் நொப் என்ற பெரிய குமிழ் ஒரே திருப்பில் பல அளவுகளை நகர்த்தும்; அழகான வசதி, ஆனால் புதிதாகத் தொடங்குபவர் அதைக் கடைசியில் தொட்டால் போதும்.

அடுத்தது, டோன் மாற்றியதும் வரும் தொல்லை. புதிய டோனில் ஸ்ட்ரிங்ஸ் 100இல் சேமித்திருக்கும், ஸ்லைடரோ அடியில் கிடக்கும். தொட்டவுடன் சத்தம் பொத்தென்று விழும். சில ரோலண்ட் கீபோட்டுகளில் இதற்கு டைரக்ட், கேட்ச் என்று இரண்டு தெரிவு உண்டு. டைரக்ட்டில் தொட்டவுடன் அளவு ஸ்லைடர் இருக்கும் இடத்துக்குத் தாவும். கேட்ச்சில் ஸ்லைடர் சேமித்த அளவைத் தாண்டும்வரை ஒன்றும் நடக்காது. நான் கேட்ச்தான் வைப்பேன். அறிவிப்பாளர் அடுத்த பாட்டைப் பற்றிப் பேசும் நேரத்தில் ஸ்லைடர்களை அந்தந்த இடத்துக்குக் கொண்டுபோய் வைத்துவிடலாம். நம் ஊர் அறிவிப்பாளர்கள் அதற்கு வேண்டிய நேரம் தாராளமாகத் தருவார்கள்.

மிச்சம் ஒரு குமிழ் இருந்தால் எதிரொலி சேர்க்கும் ரிவேர்ப், சிசி 91. கல்லடிக் கடற்கரை போன்ற வெட்டையில் சத்தம் திரும்பி வராது, கொஞ்சம் கூட்ட வேண்டும். கிறிஸ்மஸுக்குத் தேவாலயத்துக்குள் வாசித்தால் கட்டடமே எதிரொலிக்கும், நன்றாகக் குறைத்துவிடுங்கள். நாதஸ்வர டோனுக்கு இடது கை சுருதியை வளைக்கும் பிட்ச் பென்டிலேயே இருக்கும். அந்தப் பாட்டில் ஸ்லைடர் வேலை எதுவும் வைக்காதீர்கள்.

முடிந்ததும் சேமியுங்கள். ஜெனரேட்டர் நின்றால் சேமிக்காத எல்லாம் போய்விடும். யூஎஸ்பி பென்னிலும் ஒரு பிரதி இருக்கட்டும்.

ஆடி அமாவாசைக் காலத்தில் திருக்கோவில் போன்ற கடலோரக் கோயில்களில் வாசிப்பவர்கள் கீபோட்டைத் துணியால் மூடி வையுங்கள். உப்புக்காற்றும் மணலும் ஸ்லைடருக்குள் இறங்கினால் கை வைக்காமலே அளவு துள்ளும். கதவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயை அதற்குள் அடிக்க வேண்டாம். குமிழ், ஸ்லைடருக்கென்றே விற்கும் கொன்டாக்ட் கிளீனரை, கரண்டைக் கழற்றிவிட்டுக் கொஞ்சமாக அடித்து, காய்ந்த பிறகு போடுங்கள்.