இடைக்கிடை நடுங்கும் பழைய கார்: எங்கே பிழை விடுகிறோம்

சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங் நடுங்கும், ஆர்.பி.எம். முள் 750க்கும் 500க்கும் இடையில் ஆடும். கராஜுக்குக் கொண்டுபோனால் அதே கார் நல்ல பிள்ளையாக நிற்கும். இப்படி வந்து வந்து போகும் நடுக்கத்துக்காகத்தான் ஆட்கள் கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்கு நடையாய் நடந்து ஸ்பார்க் ப்ளக், கொயில், பெற்றோல் பம்ப் என்று ஒவ்வொன்றாக மாற்றுகிறார்கள். மாற்றிய அன்று கார் சரியாக ஓடும். மாற்றாமல் விட்டிருந்தாலும் அன்றைக்கு அது சரியாகத்தான் ஓடியிருக்கும்.

எப்போது நடுங்குகிறது என்று பார்க்காமல் ஸ்பானரைத் தூக்குவதுதான் மற்ற எல்லாப் பிழைக்கும் தாய். இரண்டு நாள் கவனித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். மழை நாளில் மட்டும் வந்தால் ப்ளக் வயர் அல்லது கொயிலில் கரண்ட் கசிகிறது. ஏ.சி. கம்ப்ரசர் பிடிக்கும் நொடியில் மட்டும் என்றால் ஐட்ல் (கார் நிற்கும்போது என்ஜின் ஓடும் வேகம்) வால்வில் கரி பிடித்திருக்கலாம். பிரேக்கை மிதிக்கும்போது மாறினால் பூஸ்டரையும் அதன் ஹோஸையும் பாருங்கள். முள் அசையாமல் நிற்க, டி கியரில் மட்டும் காரின் உடல் அதிர்ந்தால், பெரும்பாலும் என்ஜின் மவுண்ட் போய்விட்டது. அதற்கு ப்ளக் மாற்றிப் பயனில்லை.

இங்கே பழகிப்போன ஒரு வைத்தியம் உண்டு: நெரிசலில் ஒருமுறை என்ஜின் கொதித்தால், சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தேர்மோஸ்டாட்டைக் கழட்டி எறிந்துவிடுவது. அதன்பிறகு தண்ணீர் எந்நேரமும் ரேடியேட்டர் வழியாகவே சுற்றும். காலையில் வெறும் வீதியில் ஓடும்போது என்ஜின் 80 பாகை செல்சியஸைத் தொடுவதே இல்லை. என்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர் ‘இன்னும் சூடாகவில்லை’ என்று பெற்றோலைக் கூட்டி ஊற்றும், ப்ளக் கறுக்கும், நடுக்கம் தொடங்கும். மத்தியானம் கொழும்பு–காலி வீதியின் நெரிசலில் மாட்டினால் என்ஜின் தானாகச் சூடேறி எல்லாம் சரியாகிவிடும். நோய் இடைக்கிடை வருவதன் இரகசியம் சில கார்களில் இவ்வளவுதான். காரில் தேர்மோஸ்டாட் இருக்கிறதா என்று பாஸிடம் (மெக்கானிக்கிடம்) முதலில் கேளுங்கள்.

தேர்மோஸ்டாட் இருந்தும் இதே குணம் என்றால் தண்ணீர்ச் சூட்டை அளக்கும் சென்ஸரைச் சோதியுங்கள். இதில் ஆளை மாற்றிப் பிடிப்பது சாதாரணம். பல பழைய டொயோட்டாக்களில் ஒற்றை வயர் உள்ளது டாஷ்போர்ட் முள்ளுக்கு. கம்ப்யூட்டருக்குப் போவது இரட்டை வயர் சென்ஸர். அதன் வயர் இணைப்பைக் கழட்டி, சென்ஸரில் மல்டிமீற்றர் வையுங்கள். 20 பாகையில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 பாகையில் 200 முதல் 400 ஓம் வரவேண்டும். கொழும்பில் காலையிலேயே 28 பாகை இருப்பதால் 2 கிலோ ஓமுக்குக் கொஞ்சம் கீழே காட்டினால் பயப்பட வேண்டாம். என்ஜின் சூடேறச் சூடேற அந்த எண் சீராக இறங்க வேண்டும். நடுவில் ஒரு துள்ளல் துள்ளினால் சென்ஸர் பழுது.

நடுக்கத்துக்கு இன்னொரு காரணம் காற்றுக் கசிவு. அதைத் தேடும் நேரத்தில்தான் பிழை விடுகிறோம். இன்டேக் மெனிபோல்ட் காஸ்கெட்டும் காய்ந்த ரப்பர் ஹோஸும் குளிரில் வெடிப்பு விட்டு, சூட்டில் விரிந்து மூடிக்கொள்ளும். பத்து மைல் ஓடி வந்த காரில் தேடினால் ஒன்றும் அகப்படாது. காலையில் முதல் ஸ்டார்ட்டிலேயே பாருங்கள். கார்பரேட்டர் கிளீனரை அடித்துத் தேடுவது ஆபத்து. சூடான சைலன்ஸர் மெனிபோல்டில் பட்டால் தீப்பிடிக்கும். செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் போத்தல் போதும். தெளித்த இடத்தில் ஐட்ல் ஒரு கணம் மாறினால் கசிவு அங்கேதான். ஹோஸ் வளையும் இடத்தின் அடிப்பக்கத்தைக் கைவிரலால் தடவிப் பார்க்கத் தவறாதீர்கள்.

இன்னொன்று: உள்ளே வரும் காற்றை நேரடியாக அளக்கும் சென்ஸர் உள்ள காரில் கசிவு வந்தால் என்ஜின் தடுமாறும். மெனிபோல்ட் அமுக்கத்தை அளக்கும் காரில் பெரும்பாலும் ஐட்ல் ஏறும். வாக்குவம் கேஜ் இருந்தால் 17 முதல் 21 பாதரச அங்குலத்தில் முள் ஆடாமல் நிற்க வேண்டும். இது கடல் மட்டக் கணக்கு. மலை உச்சியிலுள்ள நுவரெலியாவில் அதே என்ஜின் ஏறத்தாழ 6 அங்குலம் குறைத்துக் காட்டும்.

ஐட்ல் ஸ்க்ரூவைத் திருகி ஆர்.பி.எம்.ஐ உயர்த்துவது நோயை மூடி மறைப்பதுதான். அதிலும் த்ரொட்டிலை (காற்று வழியைத் திறந்து மூடும் தட்டை) நிறுத்தும் ஸ்க்ரூவைத் தொட்டால், கால் பெடலில் இல்லை என்பதே கம்ப்யூட்டருக்குத் தெரியாமல் போய்விடலாம்.

ஓடும் என்ஜினில் ப்ளக் வயரைக் கையால் பிடுங்கிப் பார்ப்பதும் வேண்டாம். ஷொக் அடிக்கும், எரியாத பெற்றோல் புகையைச் சுத்தமாக்கும் கன்வேர்ட்டரைக் கெடுக்கும். ப்ளக்குக்கு ஒரு கொயில் உள்ள காரில் முதலாம் கொயிலை மூன்றாவதில் மாட்டுங்கள். ஸ்கேனரில் பி0301 (முதலாம் சிலிண்டர் சரியாக எரியவில்லை) என்ற கோட் பி0303 (மூன்றாவது) ஆனால் கொயில்தான் குற்றவாளி. ப்ளக் குழிக்குள் ஒயில் நிற்கிறதா என்றும் பாருங்கள். மேல் மூடியின் சீல் கசிந்து ஒயில் இறங்கியிருந்தால், சீலை மாற்றாமல் ப்ளக்கை மட்டும் மாற்றினால் நடுக்கம் திரும்பி வரும்.

ஸ்கேனர் மாட்டினால் முதலில் கோட்களைப் படம் எடுத்து வையுங்கள், பிறகே அழியுங்கள். ஜப்பானிய உள்ளூர்ச் சந்தைக்குச் செய்த பல பழைய கார்கள் மலிவான புளூடூத் ஸ்கேனருடன் பேசாது. அந்தக் கால டொயோட்டாவில் டயக்னோசிஸ் பெட்டியின் டி.ஈ.1, ஈ.1 முனைகளை ஒரு வயரால் இணைத்து, செக் லைட் மினுக்குவதை எண்ணலாம். பற்றரியைக் கழட்டினால் பல கார்களில் கற்றுவைத்த ஐட்ல் அளவும் அழியும். நிசான் கார்கள் பலவற்றில் த்ரொட்டில் பொடி கழுவிய பிறகும் அதை மீண்டும் கற்பிக்க வேண்டும். கற்பிக்காமல் விட்டால், கழுவியபிறகுதான் கார் கெட்டது என்று பாஸுடன் சண்டை பிடிக்க நேரும்.