மூளை ஸ்கேன்: மயக்க மருந்திலும் பட்டினியிலும் நடக்கும் தவறுகள்

"வெறும் வயிற்றில் வாருங்கள்" என்பது எல்லா ஸ்கேனுக்கும் ஒரே காரணத்துக்காகச் சொல்லப்படுவதில்லை. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

மயக்கம் கொடுத்து எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது பட்டினி எதற்கு? வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடக் கூடாது, அவ்வளவுதான். லேசான உணவுக்கு 6 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4, தண்ணீருக்கு 2 என்பது வழக்கமான கணக்கு. அப்படியிருக்க, முந்தைய இரவிலிருந்தே குழந்தைக்குச் சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் இருப்பது வீண் வதை.

மூளை எங்கே எவ்வளவு குளுகோஸ் செலவிடுகிறது என்று காட்டும் பெட் ஸ்கேனில் கதை வேறு. அங்கே சாப்பாடு அளவீட்டையே மாற்றிவிடும். ஊசியில் ஏற்றும் எஃப்.டி.ஜி. என்பது குளுகோஸின் வேடமிட்ட கதிரியக்கப் பொருள். ரத்தத்தில் நிஜக் குளுகோஸ் மிகுந்திருந்தால் இரண்டும் ஒரே வாசலுக்கு முண்டியடிக்கும். மூளை மங்கலாகத் தெரியும். சில பகுதிகளில் அந்த மங்கல் அல்சைமர் நோயின் சாயலில்கூட இருக்கலாம். சர்க்கரையைச் சட்டென்று இறக்க ஊசிக்குச் சற்று முன் இன்சுலின் போட்டுக்கொள்வது இன்னொரு தவறு: எஃப்.டி.ஜி. மூளைக்குப் போகாமல் தசைகளுக்குத் திரும்பிவிடும். சர்க்கரை நோயாளிகள் மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

என் கணக்கில் பெரிய தவறு, மயக்க மருந்தின் நேரம். எஃப்.டி.ஜி. ஏற்றும் முன்பே மயக்கினால் ஸ்கேன் காட்டுவது மயங்கிய மூளையை. புரோபோஃபோல் என்ற மயக்க மருந்து மூளை முழுவதும் குளுகோஸ் செலவைக் குறைக்கும். கெட்டமின் என்ற மற்றொன்று நேர்மாறாகக் கூட்டும். ஆகவே எஃப்.டி.ஜி. ஊசி போட்டு, குறைந்தது 20 முதல் 30 நிமிடம் அமைதியான, மங்கிய அறையில் படுக்க வைத்து, அதன் பிறகே மயக்க வேண்டும். அதற்குள் எஃப்.டி.ஜி.யின் பெரும்பகுதி செல்களுக்குள் போய்ப் பூட்டிக்கொண்டிருக்கும். பிறகு தூங்கினாலும் படம் அவ்வளவாக மாறாது.

மூளை வேலை செய்வதைப் படம்பிடிக்கும் ஃபங்ஷனல் எம்.ஆர்.ஐ. நரம்பை நேரடியாக அளப்பதில்லை, ரத்தத்தை அளக்கிறது. மயக்கத்தில் மூச்சு மந்தமானால் கார்பன் டை ஆக்சைடு ஏறி, ரத்தக் குழாய்கள் விரியும், கணக்கு புரளும். சாதாரண எம்.ஆர்.ஐ.யும் முழுக்கத் தப்புவதில்லை. மயக்கத்தின்போது ஆக்சிஜனை அதிகமாகக் கொடுத்தால், ஃபிளேர் படத்தில் (மூளையைச் சுற்றியுள்ள நீரைக் கறுப்பாகக் காட்டும் எம்.ஆர்.ஐ. வகை) மூளை மடிப்புகளுக்கிடையே உள்ள நீர் வெளுத்துத் தெரியலாம். விவரம் அறியாத கண்ணுக்கு அது மூளை உறை அழற்சி. ரேடியாலஜிஸ்டுக்குப் போகும் படிவத்தில் மயக்க மருந்தின் பெயர், அளவு, கொடுத்த நேரம், ஆக்சிஜன் விவரம் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். போன முறை விழித்தபடியும் இம்முறை மயங்கியும் எடுத்த இரண்டு ஸ்கேன்களை ஒப்பிடப் போகிறார்கள் என்றால், அதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.