கழுகின் நகத்தை இரவல் கொடுக்காதீர்கள்

என் அக்காள் மகன் தொடக்கநிலை மூன்றில் படிக்கிறான். ஜூன் விடுமுறையில் ஒரு படம் வரைந்து நீட்டினான்: பன்னிரண்டாம் மாடித் தாழ்வாரத்திலிருந்து அவனை ஒரு டெரோசார் (டைனோசார் காலத்தில் வானில் பறந்த ஊர்வன) கால்நகத்தால் கவ்விக்கொண்டு பறக்கிறது. "எப்படி இருக்கிறது மாமா?" படம் அருமைதான். ஆனால் அந்த விலங்கின் உடம்பில் பாதி, பிறரிடம் இரவல் வாங்கியது.

முதல் இரவல் நகம். யானையையும் ஆமையையும் காலில் இடுக்கிப் பறந்த கருடனின் கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வானில் பெரிதாக எது வந்தாலும் தூக்கிப்போகத்தான் வருகிறது என்று நினைப்போம். டெரோசாரின் பாதமோ தரையில் தட்டையாக ஊன்றி நடப்பதற்கானது. எதையும் பற்றித் தூக்காது. 1971இல் டக்ளஸ் லாசன் என்ற மாணவர் டெக்சஸில் கண்டெடுத்த கெட்சல்கோவாட்லஸ் என்ற டெரோசார், சிறகை விரித்தால் 10 முதல் 11 மீட்டர். நம் ஈரடுக்குப் பேருந்தின் நீளத்தைவிடக் கொஞ்சம்தான் குறைவு. அத்தனை பெரிய உருவம் நாரையைப்போலத் தரையில் நடந்து, சிறு விலங்குகளை அலகால் பொறுக்கித் தின்றிருக்கும் என்பதே பல ஆய்வாளர்களின் கருத்து. நடந்தது நான்கு காலில். சிறகை மடக்கினால் அதுவே முன்னங்கால்.

அடுத்தது வௌவால் சிறகு. வௌவாலின் சிறகுத்தோலை நான்கு விரல்கள் விரித்துப் பிடிக்கின்றன. டெரோசாருக்கு ஒரே விரல், நான்காவது. நம் மோதிர விரல் மட்டும் மீட்டர் கணக்கில் நீண்டு, அதன் நுனியிலிருந்து உடல்வரை தோல் படர்ந்தால் எப்படியோ, அப்படி. மற்ற மூன்றும் சிறு விரல்களாக முன்னே நிற்கும். நம் சிங்கப்பூரின் புக்கிட் தீமா காட்டில் மரத்துக்கு மரம் சறுக்கும் பறவோந்தியைக் காட்டி "டெரோசாரின் வாரிசு" என்பவர்களும் உண்டு. பறவோந்தியின் 'சிறகை' விரிப்பது விலா எலும்பு. உறவு மிகத் தொலைவு.

இரவல் பெயரும் உண்டு: டைனோசார். லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் நிற்கும் மூன்று நீள்கழுத்து எலும்புக்கூடுகள் டைனோசார்கள். டெரோசார் அவற்றுக்குப் பங்காளி மட்டுமே. உணவங்காடி நிலையத்தில் நம் தட்டைக் குறிவைக்கும் மைனா இருக்கிறதே, டைனோசார் வம்சத்தின் நேர்வாரிசு அதுதான்!

குழந்தைகளைக் குறைசொல்ல வேண்டாம். 1784இல் முதல் டெரோசார் புதைபடிவத்தை விவரித்த இத்தாலிய இயற்கை ஆய்வாளர் கொல்லினியே அதைக் கடல்வாழ் உயிராக இருக்கலாம் என்று எண்ணினார். பறந்த ஊர்வன என்று பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே சொன்னது 1801இல்.

மனிதனும் டெரோசாரும் சந்தித்ததே இல்லை என்பதையும் சொன்னேன். கடைசி டெரோசார் அழிந்து 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அதை அவன் பொருட்படுத்தவில்லை. புதிய படத்தில் அது புளோக்கின் கீழ்த்தளத்துக்கு வெளியே நான்கு காலில் நின்று, கழுத்தை நீட்டி இரண்டாம் மாடியை எட்டிப்பார்க்கிறது.

"தூக்காது, சரி. விழுங்குமா மாமா?"

அவன் உயரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, பேச்சை மாற்றினேன்.