நெல்லைக் கடைவீதியில் சவரக் கத்தி வாங்கப் போகிறவருக்கு

சவரக் கத்தி வாங்க நினைப்பவர் முதலில் போக வேண்டிய இடம் கடை அன்று, சலூன். கைப்பிடிக்குள் மடக்கி வைக்கும் பழைய முறைக் கத்தி வாங்கிய நாளில் எவ்வளவு கூராக இருந்தாலும் சில மாதங்களில் கல்லைத் தேடும். தீட்டத் தெரிந்த கை பக்கத்தில் இல்லையென்றால், என்ன விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் பெட்டிக்குள் துருப்பிடித்துத்தான் கிடக்கும். இப்போது சலூன்களில் ஆளுக்கொரு புது பிளேடு மாற்றும் கத்திதான் வழக்கம். நோய் தொற்றாமல் இருக்க அதுவே சரி. ஆகவே டவுணிலோ பாளையங்கோட்டையிலோ அறுபதைத் தாண்டிய முடிதிருத்துநர் ஒருவரைத் தேடி, கல்லில் தீட்டிப் பழகியவர்தானா என்று கேளுங்கள். செவ்வாய்க்கிழமை பல சலூன்கள் திறக்கமாட்டா. ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு மூச்சுவிட நேரமிராது. வார நாளின் நண்பகலில் போனால் உட்காரவைத்துப் பேசுவார்கள்.

என் தாத்தா விட்டுச்சென்ற கத்தியை நான் கெடுத்தது இது தெரியாமல்தான். தெருவில் அரிவாள்மனைக்கும் கத்தரிக்கோலுக்கும் சாணை பிடித்துக்கொண்டிருந்தவரிடம் அதைக் கொடுத்தேன். சக்கரத்தில் பொறி பறந்தது. இரண்டே நிமிடத்தில் கத்தி பளபளவென்று கைக்கு வந்தது. வீட்டில் சன்னலோரம் வைத்துப் பார்த்தபோது, வாயை ஒட்டி மயில் கழுத்து நிறத்தில் ஒரு நீலக் கோடு ஓடியிருந்தது. எஃகு மிஞ்சிச் சூடேறி, அதன் கடினம் இறங்கிப்போனதற்கு அந்த நீலமே அடையாளம். அதற்குப் பிறகு எத்தனை முறை தீட்டினாலும் அந்த இடம் கூரைத் தாங்குவதில்லை. அரிவாளுக்கு ஏற்ற சக்கரம் சவரக் கத்திக்கு ஆகாது. அதை நனைந்த கல்லில், கையால்தான் தீட்ட வேண்டும்.

தீட்டுபவர் கிடைத்துவிட்டால், கடை எங்கே என்று அவரிடமே கேளுங்கள். நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியுள்ள ரத வீதிகளும் அவற்றிலிருந்து பிரியும் சந்துகளும் ஜங்ஷன் பகுதியும் தேடத் தொடங்க வேண்டிய இடங்கள். கடைக்குப் பகலில் போவது நல்லது. குழல்விளக்கின் ஒளியில் எல்லாக் கத்தியும் ஒன்றுபோலவே மின்னும். "அண்ணாச்சி, வாசல் வெளிச்சத்துல ஒரு தடவ பாத்துக்கிடுதேன்" என்று கேட்டால், "தாராளமாப் பாருங்க தம்பி" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். உறையைப் பிரிக்கவே விடாத கடையில் இந்தப் பொருளை வாங்க வேண்டாம்.

வெளிச்சத்துக்கு வந்ததும் கத்தியின் வாயை உங்கள் கண்ணுக்கு நேராகப் பிடித்து, முனையிலிருந்து அடிவரை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். கூரான வாய் ஒளியைத் திருப்பித் தராது. எங்காவது வெள்ளைப் புள்ளி மின்னினால் அங்கே பொக்கையோ மழுங்கலோ இருக்கிறது என்று பொருள். அடுத்து, மேசைக் கண்ணாடிமேல் கத்தியை அலுங்காமல் படுக்க வையுங்கள். முதுகும் வாயும் நெடுகக் கண்ணாடியில் படிய வேண்டும்; ஒரு மூலை தூக்கி ஆடினால் இரும்பு முறுகியிருக்கிறது, அதைக் கல்லில் நேராக்குவது பெரும்பாடு. மடக்கும்போது வாய் கைப்பிடியின் நடுவில் இறங்க வேண்டும். ஒரு பக்கம் உரசினால் மடக்குகிற ஒவ்வொரு முறையும் கூர் சிதையும். ஆணி தளர்ந்து, திறந்த கத்தி தானாகத் தொங்கிவிழுவதும் ஆபத்து. கத்தியின் அகலத்தை, அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கை அலகாக வைத்துக் கணக்கிடுவார்கள்; புதிதாகப் பழகுபவருக்கு எட்டில் ஐந்து பங்கு, அதாவது ஏறத்தாழ 16 மில்லிமீட்டர், கைக்கு அடங்கும்.

பழைய கத்தி கிடைத்தால் அதை நான் விரும்பியே வாங்குவேன். கத்தித் தொழிலுக்குப் பேர்போன ஜெர்மனியின் சோலிங்கன், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு என்ற ஊர்ப் பெயர்கள் அடிப்பகுதியில் பொறிக்கப்பட்டிருக்கலாம். சோலிங்கன் என்ற பெயருக்கு 1938ஆம் ஆண்டு முதல் ஜெர்மனியில் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஆனாலும் எழுத்தை மட்டும் நம்பி விலை பேசாதீர்கள். மேலாகப் படிந்த பழுப்புத் துருவைத் தேய்த்து எடுத்துவிடலாம். வாயோரத்தில் குழி விழுந்த துரு போகாது. முதுகின் இரு பக்கமும் ஒரே அளவாகத் தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கைப்பிடி யானைத் தந்தம் என்று யாராவது சொன்னால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நம் நாட்டில் தந்த வணிகம் குற்றம்.

கத்தியோடு சேர்த்து வாங்கியே தீர வேண்டியது, வாயை இழுத்துச் சீராக்கும் தோல்வார். கடையில் சரியானது கிடைக்காவிட்டால், இரண்டரை முதல் மூன்று அங்குல அகலமும் ஒன்றரை அடி நீளமும் உள்ள கெட்டியான, வழவழப்பான தோலை வாங்கி, செருப்புத் தைப்பவரிடம் ஒரு முனையில் வளையம் வைத்துத் தைத்துக்கொள்ளலாம். சவரத்துக்கு முன் அதில் முப்பது, நாற்பது இழுப்பு இழுக்க வேண்டும். முதுகு முன்னே போக, வாய் பின்னே வர வேண்டும், திருப்பும்போதும் முதுகின்மேலேயே உருட்ட வேண்டும். மாற்றிச் செய்தால் தோலும் அறுந்துபோகும், கூரும் போகும். கல்லின் நுண்மையைக் காட்ட 1000, 8000 என்று எண்ணிட்ட தீட்டுக்கற்களை முதல் ஆண்டில் வாங்க வேண்டாம். அந்தப் பணத்தைத் தீட்டித் தருபவருக்குக் கொடுத்து, அவர் கையைக் கவனித்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

சோப்பில் பலரும் தவறுகிறார்கள். குளிக்கும் சோப்பின் நுரை சீக்கிரம் உடைந்துவிடும். சவர சோப்பில் ஸ்டியரிக் அமிலமும் பொட்டாஷும் சேர்வதால் நுரை வெண்ணெய்போல் நின்று கத்தியை வழுக்கிக்கொண்டு போக விடும். தாமிரபரணித் தண்ணீரில் எந்தச் சோப்பும் நன்றாக நுரைக்கும். உப்பேறிய போர்வெல் தண்ணீரில் நுரைக்காது, ஆகவே சவரத்துக்கென்று ஒரு செம்பு குடிதண்ணீரை ஒதுக்கிவையுங்கள். பன்றிமுடி பிரஷ் வாங்கினால் ஐந்து நிமிடம் ஊறவைத்த பிறகே பயன்படுத்துங்கள். நுரை கலக்க அலுமினியக் கிண்ணம் வேண்டாம், சோப்பின் காரம் அதை அரிக்கும், எவர்சில்வர் போதும். நான் உட்புறம் சுரண்டிய ஒரு பெரிய சிரட்டையைத்தான் வைத்திருக்கிறேன், அதில் நுரை நன்றாகத் திரள்கிறது.

படிகாரத்தை நாட்டு மருந்துக் கடையில் கட்டியாகக் கேளுங்கள், பொடி வேண்டாம். கண்ணாடிபோல் தெளிந்த கட்டியைப் பொறுக்கி, கூரான மூலைகளை ஈரக் கல்லில் உரசி மழுக்கிவிட்டால், சவரம் முடிந்ததும் முகத்தில் தேய்க்க ஏதுவாகும். சிறு கீறலில் வரும் இரத்தத்தையும் அது நிறுத்தும். கடைசியாக, தையல் சாமான் கடையில் மிஷின் எண்ணெய் ஒரு சிறு குப்பி வாங்குங்கள். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துவிடும். கத்தியை நன்றாகத் துடைத்து, காயவிட்டு, இந்த எண்ணெயில் ஒரு துளி தடவி, குளியலறைக்கு வெளியே வையுங்கள்.

இத்தனையும் வாங்கியானதும், புதுக் கத்தியை முகத்தில் வைக்காமல் நேரே அந்த முடிதிருத்துநரிடம் கொண்டுபோங்கள். தொழிற்சாலைக் கூர் பல கத்திகளில் சவரத்துக்குப் போதாது. அவர் ஒருமுறை தீட்டித் தந்த பிறகு தொடங்குங்கள்.