சீன அரசவைப் பறவை-மலர் ஓவியம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீன அரசவை ஓவியங்களை நகலெடுத்துப் பழகுகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். தூரிகை பிடிப்பது, மை பரவிவிடுவது எல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். இங்கே சொல்வது, நானும் இடறி, இப்போது புதியவர்களும் இடறுகிற இடங்களை.

அட்டவணையை வைத்துப் பொருள் சொல்வது

சாரசம் (கொக்கு போன்ற நெடுங்கால் பறவை) என்றால் ஆயுள், பியோனிப் பூ என்றால் செல்வம், மாண்டரின் வாத்து என்றால் தம்பதி ஒற்றுமை, மேக்பை (நம் வால்காக்கைக்கு உறவுப் பறவை) என்றால் மகிழ்ச்சி என்று ஓர் அட்டவணை இணையத்தில் சுற்றுகிறது. அட்டவணை தப்பில்லை. அது கையில் இருந்தால் படத்தையே பார்க்காமல் விட்டுவிடுகிறார்களே, அதுதான் எனக்கு இன்றும் எரிச்சல்.

சொங் அரசமரபுக் கால ஓவியர் சுய் பாய் 1061இல் பட்டில் வரைந்த ஒரு பெரிய தொங்கல் ஓவியம் தைபே தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் இரண்டு மேக்பைகள் இருப்பதால் ‘இரட்டை மகிழ்ச்சி’ என்று பெயர். அக்கா கல்யாணத்துக்குப் பரிசாகக் கொடுக்க ஒரு மாணவி இதைத் தேர்ந்தெடுத்தார். படிகாரமும் பசையும் பூசிய பட்டு, கனிம நிறங்கள், எல்லாம் காசு. பட்டில் கோடு விழுந்தால் அழிக்கவும் முடியாது. பாதிப் படம் முடிந்த பிறகு கேட்டார்: “சார், முயல் ஏன் இப்படித் திரும்பிப் பார்க்குது?”

அப்போதுதான் இருவரும் உட்கார்ந்து படத்தைப் பார்த்தோம். ஒரு பறவை கிளையில் இறக்கையை விரித்துக் கத்துகிறது. இன்னொன்று பறந்து வருகிறது. கீழே முயல் முன்னங்காலைத் தூக்கியபடி திரும்பிப் பார்க்கிறது. மூங்கிலும் புல்லும் காற்றில் சாய்ந்திருக்கின்றன, இலைகள் பழுத்துக் கருகிவிட்டன. இலையுதிர்காலக் குளிரில், தங்கள் இடத்துக்குள் வந்த முயலை அவை விரட்டுகின்றன. வாழ்த்து இல்லை, வசவு!

முயலை எடுத்துவிட்டு பிளம் பூ வைக்கலாமா என்றார். வைக்கலாம், ஆனால் அது வேறு படம். பிளம் கிளையில் மேக்பை உட்கார்ந்திருப்பது உண்மையிலேயே நல்வாழ்த்து. அதையே முதலில் எடுத்திருந்தால் ஒரு பட்டு மிஞ்சியிருக்கும். பறவை என்ன செய்கிறது, எந்தப் பருவம், யாருக்காக வரைந்தது என்று பார்த்த பிறகு அட்டவணைக்குப் போங்கள்.

சாரசம் வந்தாலே நீண்ட ஆயுள்

சொங் பேரரசர் ஹுய்சோங்கின் ‘நற்சகுனச் சாரசங்கள்’ லியாவோனிங் அருங்காட்சியகத்தில் உள்ளது. 1112இல், விளக்குத் திருவிழாவுக்கு மறுநாள் மாலை, தலைநகர் கைஃபெங்கின் அரண்மனை வாயிலுக்கு மேல் சாரசக் கூட்டம் வந்தது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. படத்தில் 20 சாரசங்கள்: 18 பறக்கின்றன, 2 கூரை முகட்டில் நிற்கின்றன. வானம் தன் ஆட்சியை ஏற்றுக்கொண்டது என்று அரசர் போட்ட பதிவு இது, பிறந்தநாள் வாழ்த்து அல்ல. 1127இல் தலைநகர் எதிரிகளிடம் விழுந்ததை வைத்து இந்தப் படத்தில் சோகம் தேடுகிறவர்களும் உண்டு. வரைந்தபோது அது யாருக்குத் தெரியும்?

தாமரை என்றால் புத்தர்

எப்போதும் இல்லை. சேற்றில் வளர்ந்தும் அழுக்குப் படாத தாமரையைப் பண்பாளனுக்கு ஒப்பிட்டவர் சோவ் துன்யி, கன்ஃபூசிய அறிஞர்.

கவிதையைப் படிக்காமல் விடுவது

ஹுய்சோங்கின் பொன்நிறக் காட்டுக்கோழிப் படத்தில், அதற்கு ஐந்து நற்குணங்களும் உண்டு என்று ஓரத்தில் கவிதையே இருக்கிறது. அப்புறம் எதற்கு ஊகம்?

ஒப்பத்தை நம்புவது

ஹுய்சோங்கின் ஒப்பம் இருப்பதால் அவர் கையால் வரைந்தது என்று எழுதிவிடாதீர்கள். அரசவை ஓவியர்கள் வரைந்து அவர் ஒப்பமிட்டவையும் இருக்கின்றன.