கலிஃபோர்னியாவில் திருமண உரிமமும் சான்றிதழும்: கவுன்டி கிளார்க் அலுவலகத்துக்குப் போகும் முன் படிக்க

கலிஃபோர்னியாவில் கோயிலில் தாலி கட்டினாலும் சரி, பூங்காவில் மோதிரம் மாற்றினாலும் சரி, கவுன்டி கிளார்க் கொடுத்த உரிமம் இல்லாமல் நடந்த திருமணம் அரசுப் பதிவேட்டில் ஏறாது. எங்கள் திருமணத்துக்கு உரிமம் வாங்கி, சான்றிதழ் பெற்று, அப்போஸ்டில் (ஆவணம் வெளிநாட்டில் ஏற்கப்படுவதற்கான அரசு உறுதிச் சான்று) வரை போய் முடித்த பிறகு இதை எழுதுகிறேன். அலுவலக இணையதளங்களில் விதிகள் தெளிவாகவே இருக்கின்றன. ஆனால் தமிழ்ப் பெயர் வைத்திருப்பவர்களுக்கு எங்கே முட்டும் என்பதை அவை சொல்வதில்லை. அதற்காகவே இந்தப் பதிவு.

முதலில் ஒன்று. இந்தியாவில் மணமுடித்து அங்கேயே பதிவு செய்தவர்களுக்கு இது எதுவும் தேவையில்லை. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவுச் சான்றிதழே உங்கள் ஆவணம். அதுபோல, கலிஃபோர்னியாவில் வாங்கிய உரிமத்தை ஊருக்குக் கொண்டுபோய் அங்கே மண்டபத்தில் பயன்படுத்த முடியாது. அது கலிஃபோர்னியா எல்லைக்குள் நடக்கும் திருமணத்துக்கு மட்டுமே செல்லும்.

படி 1: எந்த உரிமம்?

பொது உரிமம், இரகசிய உரிமம் என்று இரண்டு வகை உண்டு. இரகசிய உரிமத்துக்கு இருவரும் 18 வயது நிரம்பியவர்களாக, ஏற்கெனவே சேர்ந்து வாழ்பவர்களாக இருக்க வேண்டும். சாட்சி தேவையில்லை. ஆனால் அதன் நகலைத் தம்பதியர் மட்டுமே வாங்க முடியும். மற்றவர்களுக்கு நீதிமன்ற உத்தரவு வேண்டும். பொது உரிமம் என்றால் பெற்றோர், உடன்பிறந்தவர்கள்கூட உங்களுக்காக நகல் வாங்கலாம். நாம் ஊரில் மாட்டிக்கொண்டு, விசாவுக்கு அவசரமாகச் சான்றிதழ் தேவைப்படும்போது சான் ஹோசேயில் இருக்கும் தம்பி நேரில் போய் வாங்கிவிட முடியும். ஆகையால் பொது உரிமத்தையே எடுங்கள் என்பேன்.

படி 2: விண்ணப்பமும் நேரில் செல்வதும்

கவுன்டியின் இணையதளத்தில் விண்ணப்பத்தை முன்கூட்டியே நிரப்பி, நேரம் பதிவு செய்துகொள்ளலாம். தேடினால் முதலில் விளம்பரமாக வரும் இடைத்தரகர் தளங்களுக்குப் பணம் கட்டாதீர்கள். முகவரி ஜிஓவி என்று முடிகிறதா என்று பார்த்து நுழையுங்கள். எந்த கவுன்டியில் வேண்டுமானாலும் வாங்கலாம், அங்கே குடியிருக்க வேண்டும் என்பதில்லை. இருவரும் சேர்ந்து போக வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் அடையாளச் சான்றாகப் போதும். இரத்தப் பரிசோதனை கிடையாது. கட்டணம் கவுன்டிக்குக் கவுன்டி மாறும். முன்பே மணமாகி விவாகரத்தானவர்கள், அது இறுதியான சரியான தேதியைத் தெரிந்துகொண்டு, தீர்ப்பு நகலையும் எடுத்துச் செல்லுங்கள்.

விண்ணப்பத்தில் இருவருடைய பெற்றோரின் பெயரும் பிறந்த நாடும் கேட்பார்கள். அம்மாவுக்குக் கேட்பது பிறந்த வீட்டுப் பெயர். நம் அம்மாக்களின் ஆதாரிலும் பாஸ்போர்ட்டிலும் அப்பாவின் பெயர் சேர்ந்திருக்கும். அதை அப்படியே எழுதாமல், தாத்தாவின் பெயரோடு எழுத வேண்டும். கிளம்புவதற்கு முன் ஒரு போன் போட்டு எழுத்துக்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 3: பெயர்

என்னை நிறுத்திவைத்த இடம் இது. ஆற அமரப் படியுங்கள்.

2009 முதல் கலிஃபோர்னியாவில், மணமக்கள் இருவரில் யார் வேண்டுமானாலும் திருமண உரிமத்திலேயே தங்கள் நடுப்பெயரையும் கடைசிப் பெயரையும் மாற்றிக்கொள்ளலாம். முதல் பெயரை மாற்ற முடியாது. கடைசிப் பெயராக எதை எடுக்கலாம் என்பதற்குச் சட்டம் ஒரு வரம்பு வைத்திருக்கிறது: துணைவரின் தற்போதைய கடைசிப் பெயர், இருவரில் ஒருவருக்குப் பிறப்பில் வைத்த கடைசிப் பெயர், அவற்றை ஒட்டிச் செய்த ஒரு பெயர், அல்லது இடையில் சிறுகோடு போட்டுச் சேர்த்த பெயர். அவ்வளவுதான்.

நம் வழக்கம் வேறு. கவிதா ராமசாமி என்ற பெண் கார்த்திக் சுப்பிரமணியனை மணக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஊரில் அவள் கவிதா கார்த்திக் ஆவாள். ஆனால் கார்த்திக் என்பது அவனுடைய முதல் பெயர். கடைசிப் பெயர் அவன் அப்பாவுடையது. ஆகவே உரிமத்தில் கவிதா கார்த்திக் என்று எழுத முடியாது. நடுப்பெயராகவும் கார்த்திக்கை நுழைக்க முடியாது. அவள் கவிதா சுப்பிரமணியன் ஆகலாம், கவிதா ராமசாமி-சுப்பிரமணியன் ஆகலாம், ராமசாமியை நடுப்பெயராக நகர்த்திவிட்டுச் சுப்பிரமணியனைக் கடைசியில் சேர்க்கலாம், அல்லது கவிதா ராமசாமியாகவே இருக்கலாம். கணவரின் பெயரைத்தான் சேர்த்துக்கொள்வேன் என்று நினைத்துப் போகும் பெண், மாமனாரின் பெயரை எடுப்பதா வேண்டாமா என்று கவுன்ட்டரில் நின்று முடிவு செய்ய வேண்டியதாகிறது. நானும் கணவரும் இதைப் பற்றி வீட்டில் வெகுநேரம் பேசினோம். கடைசியில் என் அப்பா பெயர் என்னோடே இருக்கட்டும் என்று முடிவெடுத்தேன்.

இதில் அவசரம் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. திருமணம் முடிந்து பதிவான பிறகு, மனம் மாறியது என்பதற்காக உரிமத்தில் எழுதிய பெயரைத் திருத்த முடியாது. எழுத்துப்பிழையை மட்டுமே திருத்துவார்கள். வேறு பெயர் வேண்டுமென்றால் கலிஃபோர்னியாவின் சுப்பீரியர் கோர்ட்டில் பெயர் மாற்றத்துக்கு மனுப் போட வேண்டும்.

இந்தியக் குடியுரிமையில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். உரிமத்தில் பெயரை மாற்றினால் பாஸ்போர்ட் தானாக மாறிவிடாது. அதை மறுபடி எடுக்கும்வரை விசா ஒரு பெயரிலும் சான்றிதழ் ஒரு பெயரிலும் இருக்கும். பாஸ்போர்ட்டில் கணவரின் பெயரைச் சேர்ப்பது வேறு, உங்கள் பெயரை மாற்றுவது வேறு. முதலாவதற்கு உரிமத்தில் எந்த மாற்றமும் தேவையில்லை. விசாவில் இருக்கும் பெண்களுக்கு என் கருத்து இதுதான்: உறுதியான காரணம் இல்லாவிட்டால் பெயரைத் தொடாதீர்கள்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். அமெரிக்க விசாவில் முழுப் பெயரும் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய், முதல் பெயர் இடத்தில் எஃப்என்யூ (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று விழுந்திருக்கும். நேரமிருந்தால், உரிமம் எடுக்கும் முன்பே பாஸ்போர்ட்டில் பெயரை இரண்டாகப் பிரித்துப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். நேரமில்லையென்றால், அச்சிடும் முன்பே கிளார்க்கிடம் பாஸ்போர்ட்டைக் காட்டி, எந்தக் கட்டத்தில் எதை எழுதுவார்கள் என்று கேட்டுவிடுங்கள்.

படி 4: அச்சானதைப் படிப்பது

உரிமத்தை அச்சிட்டுச் சரிபார்க்கத் தருவார்கள். பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் திறந்துவைத்து, ஒவ்வொரு எழுத்தின் கீழும் விரல் வைத்துப் படியுங்கள். சுப்பிரமணியனின் கடைசி ஆங்கில எழுத்து எம்மா, என்னா? லட்சுமியில் கே எஸ் வருகிறதா, எக்ஸ் வருகிறதா? பிறந்த தேதியில் மாதம் முன்னால் வரும் என்பதால் 5ஆம் மாதம் 6ஆம் தேதி, 6ஆம் மாதம் 5ஆம் தேதியாகியிருக்கலாம். பின்னால் வரிசையில் ஆள் நிற்கிறாரே என்று கூச்சப்படாதீர்கள். கையெழுத்துப் போடும் முன் திருத்துவது ஒரு நிமிட வேலை. பதிவான பின் திருத்துவதற்குத் தனி விண்ணப்பம்.

படி 5: திருமண நாள்

உரிமம் 90 நாட்களுக்குச் செல்லும். முகூர்த்த நாளை முதலில் குறித்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்கிட்டு வாங்குங்கள். எந்த மதத்தையும் சேர்ந்த 18 வயது நிரம்பிய குருமாரும், நீதிபதிகளும், கவுன்டியின் திருமண ஆணையரும் நடத்திவைக்கலாம். கோயிலில் நடத்துவதானால், அர்ச்சகர் உரிமத்தில் கையெழுத்திடுவாரா என்று மண்டபம் பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். நடத்திவைப்பவரே கையெழுத்திட வேண்டும். நாதஸ்வரம் ஓய்ந்த பிறகு கோயில் அலுவலகத்தில் வேறு யாரையாவது தேடுவது சரிவராது.

பொது உரிமத்துக்கு ஒரு சாட்சி கட்டாயம், இரண்டாமவர் விருப்பம். அதற்கு மேல் இடமில்லை. அத்தை, சித்தி, பெரியப்பா என்று எல்லாரும் கையெழுத்துப் போட ஆசைப்படுவார்கள். யார் அந்த இருவர் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

கறுப்பு மையில் எழுதும் நல்ல பால்பாயிண்ட் பேனா ஒன்று உங்கள் பையில் இருக்கட்டும். ஜெல் பேனாவின் மை கலைந்து பரவும், நான் நம்புவதில்லை. உரிமத்தில் அடித்தல் திருத்தல் கூடாது, வெள்ளை மை தடவக் கூடாது. தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சந்தனக் கிண்ணத்துக்கும் மஞ்சள் அரிசித் தட்டுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். கெட்டுப்போனாலும் தொலைந்தாலும் கட்டணம் கட்டி மாற்று உரிமம் வாங்கலாம். ஆனால் முதல் உரிமம் வழங்கிய நாளிலிருந்து ஓராண்டு தாண்டிவிட்டால் அதுவும் கிடையாது.

படி 6: திருப்பி அனுப்புவது

திருமணம் முடிந்து 10 நாட்களுக்குள், கையெழுத்தான உரிமம் அதை வழங்கிய கவுன்டிக்குத் திரும்பிப் போய்ச் சேர வேண்டும். சட்டப்படி இது நடத்திவைத்தவரின் பொறுப்பு. ஆனால் அர்ச்சகருக்கு ஒரே வார இறுதியில் பல விசேஷங்கள் இருக்கும். முகவரி எழுதி, அஞ்சல் தலை ஒட்டி, கண்காணிப்பு எண்ணுள்ள உறையை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். உறையில் போடும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 7: சான்றிதழ் நகல்

பொது உரிமத்தில் சான்றிதழ் தானாக வீட்டுக்கு வராது. பதிவான பிறகு நீங்கள்தான் விண்ணப்பித்து வாங்க வேண்டும். அதுவும் உரிமம் வழங்கிய கவுன்டியில். சான்டா கிளாரா கவுன்டியில் உரிமம் வாங்கி, அலமேடா கவுன்டியிலுள்ள லிவர்மோர் சிவா-விஷ்ணு கோயிலில் திருமணம் செய்தால், நகல் சான்டா கிளாராவில்தான் கிடைக்கும். தவறான கவுன்டியில் விண்ணப்பித்தால் பதிவு இல்லை என்று ஒரு சான்று வரும். கட்டிய பணம் திரும்பாது.

விண்ணப்பத்தில் அங்கீகரிக்கப்பட்ட நகல் என்பதைத் தேர்ந்தெடுங்கள். தகவலுக்கான நகலை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். ஆனால் அடையாளத்தை நிறுவ இது செல்லாது என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். நேரில் போனால் உறுதிமொழியில் கிளார்க் முன்னால் கையெழுத்திட்டால் போதும். தபாலில் அனுப்பினால் அதற்கு நோட்டரி முத்திரை வேண்டும். அது இல்லாமல் அனுப்பினால் அங்கீகரிக்கப்பட்ட நகல் தர மாட்டார்கள். முடிந்தால் நேரில் போங்கள். மூன்று நகலாக வாங்குங்கள்: அப்போஸ்டிலுக்கு ஒன்று, குடிவரவு நேர்காணலுக்கு ஒன்று, வீட்டில் ஒன்று.

படி 8: இந்தியாவில் காட்டுவதற்கு

இந்தியா 2005இலிருந்து அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இருக்கிறது. சான்றளிக்கப்பட்ட மூல நகலை சாக்ரமென்டோவிலுள்ள மாநிலச் செயலர் அலுவலகத்துக்கு அனுப்பினால், 20 டாலருக்கு அப்போஸ்டில் இணைத்துத் தருவார்கள். ஜெராக்ஸ் எடுத்து வங்கி நோட்டரியிடம் முத்திரை வாங்கி அனுப்புவது இதற்கு ஈடாகாது, ஏனென்றால் அவர்கள் உறுதிப்படுத்துவது கவுன்டி அதிகாரியின் கையெழுத்தை. திரும்பி வந்ததும் ஸ்கேன் செய்வதற்காகப் பின்னைக் கழற்றிவிடாதீர்கள். இணைப்புக் கலைந்ததை அலுவலகங்கள் மறுக்கக்கூடும்.

பிற்சேர்க்கை 1: டெக்சாஸிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். அங்கே உரிமம் வாங்கிய பிறகு பொதுவாக 72 மணி நேரம் காத்திருந்தே திருமணம் நடத்தலாம். வெள்ளிக்கிழமை வாங்கி ஞாயிறு காலை முகூர்த்தம் வைக்க முடியாது. ஆஸ்டினிலுள்ள மாநில அலுவலகம் திருமணச் சான்றிதழின் நகலைத் தராது, திருமணப் பதிவு இருக்கிறது என்ற உறுதிக் கடிதம் மட்டுமே தரும். நகலுக்கு உரிமம் வழங்கிய கவுன்டி கிளார்க்கிடமே போக வேண்டும். சிகாகோ அமைந்திருக்கும் குக் கவுன்டியில் உரிமம் மறுநாள் முதல் 60 நாட்களுக்கு, அந்தக் கவுன்டிக்குள் மட்டுமே செல்லும்.

பிற்சேர்க்கை 2: விசாவுக்காக முதலில் கவுன்டி அலுவலகத்தில் திருமணம் செய்து, சில மாதம் கழித்துக் கோயிலில் தாலி கட்டியவர்கள் எந்தத் தேதியை எழுதுவது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். சான்றிதழில் இருக்கும் முதல் திருமணத்தின் தேதியை எழுதுங்கள். விசா, பாஸ்போர்ட், வருமான வரி, காப்பீடு என எல்லாப் படிவங்களிலும் அதே தேதிதான் இருக்க வேண்டும். கோயில் திருமணத்துக்கு இரண்டாவது உரிமம் தேவையில்லை. அர்ச்சகரிடம் முன்பே பதிவாகிவிட்டது என்று சொன்னால் போதும்.