கோஷ்டிச் சண்டையைக் கணக்கு நோட்டில் படிப்பது எப்படி

மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் எங்கள் வீட்டு வராந்தாவில் சாயங்காலம் சரித்திர டியூஷன் எடுக்கிறேன். பிரிட்டிஷ் தொழிற்கட்சி என்றதுமே பிள்ளைகள் முகம் தொங்கிவிடும். இடது பக்கம் பெவான், பென்; வலது பக்கம் கெய்ட்ஸ்கெல், ஹீலி. ஒரே கட்சிக்காரர்கள் ஏன் இப்படி அடித்துக்கொண்டார்கள்? இடது நல்லது, வலது கெட்டது, அல்லது தலைகீழாக, ஏதோ ஒன்றை மனப்பாடம் பண்ணிக்கொண்டு வருவார்கள். அதைத் தூர வைத்துவிட்டு ஒரு கணக்கு நோட்டை எடுங்கள்.

முதலில் சண்டை எதற்கு மூண்டது என்று எழுத வேண்டும். 'கொள்கை முரண்பாடு' என்று எழுதினால் சிவப்பு மையால் அடித்துவிடுவேன். பல்செட், மூக்குக்கண்ணாடி என்று எழுதுங்கள். 1951 ஏப்ரல் பட்ஜெட்டில் நிதியமைச்சர் கெய்ட்ஸ்கெல் இந்த இரண்டுக்கும் நோயாளி பாதி விலை கொடுக்க வேண்டும் என்றார். இதனால் அந்த ஆண்டு அரசுக்கு மிச்சமாவது 1 கோடியே 30 லட்சம் பவுன். கொரியப் போர்க் காலத்து ஆயுதத் திட்டமோ மூன்றாண்டுக்கு 470 கோடி பவுன். இரண்டையும் மேலும் கீழுமாக எழுதிப் பார்த்தால், 1948ல் இலவச மருத்துவத்தைத் தொடங்கிவைத்த பெவான் ஏன் பதவியை உதறினார் என்று நான் சொல்ல வேண்டியதே இல்லை. அரசில் இருந்த ஹரால்ட் வில்சனும் ஜான் ஃப்ரீமனும் கூடவே பதவி விலகினார்கள்.

அடுத்தது ஓட்டு. பிள்ளைகள் சறுக்குவது இங்கேதான். அந்தக் காலத்தில் கட்சியின் ஆண்டு மாநாட்டில் தொழிற்சங்கம் தன் உறுப்பினர்கள் அத்தனை பேர் ஓட்டையும் மொத்தமாக ஒரே பக்கம் போடும். வீட்டில் பத்துப் பேர். ஆறு பேர் பிரியாணி கேட்கிறார்கள், நாலு பேர் மீன் கேட்கிறார்கள். பத்து ஓட்டும் பிரியாணிக்கே என்று அப்பா கை தூக்குகிறார் பாருங்கள், அதுதான். பெரிய சங்கம் கை தூக்கினால் லட்சக்கணக்கில் விழும்.

இதைப் பிடித்துக்கொண்டால் 1952 மோர்கம் மாநாடு மயக்காது. கட்சியின் செயற்குழுவில் தொகுதிக் கிளைகளுக்கான 7 இடங்களில் 6 பெவான் கோஷ்டிக்கு. வலது பக்கத்துப் பழைய அமைச்சர்கள் மாரிசனும் டால்டனும் தோற்றார்கள். உடனே 'இடதுசாரி கட்சியைப் பிடித்தது' என்று எழுதிவிடுவீர்கள். பொறுங்கள். சங்கங்களுக்கு 12 இடம். பெண்களுக்கான 5 இடங்களுக்கும் முழு மாநாடே ஓட்டுப் போடும், அங்கேயும் சங்கங்களின் கைதான் ஓங்கும். 1954ல் பொருளாளர் பதவிக்கு நின்ற பெவானைக் கெய்ட்ஸ்கெல் இருமடங்குக்கும் மேலான ஓட்டில் சாய்த்தார். கை தட்டியது தொண்டர், ஓட்டுப் போட்டது சங்கம்.

1960ல் ஸ்கார்பரோவில் அணு ஆயுதத்தை ஒருதலையாகக் கைவிடச் சொல்லும் தீர்மானம் நிறைவேறியதும், மறு வருஷமே பிளாக்பூலில் அது கவிழ்ந்ததும் இதே கதை. சில சங்கங்கள் பக்கம் மாறின. இரண்டு வரி போதும்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் சட்டென்று புரியும். 1982 ஜூன் பொதுத்தேர்தலில் எம்.எம்.எம். கட்சியின் கூட்டணி 60க்கு 60 ஜெயித்தது, மறு மார்ச்சுக்குள் 'காசிர்', உடைந்துவிட்டது. அப்பா எம்.எம்.எம்.மிலேயே இருந்தார், சித்தப்பா பிரிந்தவர்களின் புதிய கட்சியான எம்.எஸ்.எம்.முக்குப் போனார். அடுத்த காவடிக்கு இருவரும் ஒரே பந்தியில் உட்காரவில்லை. அம்மாதான் ஏழு கறியையும் இரண்டு தடவை பரிமாறினாள்.

கடைசியாக 1981 துணைத்தலைவர் தேர்தல். இதற்கு ஒரு முழுப் பக்கம் விடுங்கள். அந்த ஜனவரியில்தான் புது முறை வந்திருந்தது: சங்கங்களுக்கு 40 சதவீதம், எம்.பி.க்களுக்கு 30, தொகுதிகளுக்கு 30. இரண்டாம் சுற்றில் ஹீலிக்குச் சங்கங்களில் 24.994, எம்.பி.க்களில் 19.759, தொகுதிகளில் 5.673. கூட்டுங்கள், 50.426. பென்னுக்கு 15.006, 10.241, 24.327. கூட்டினால் 49.574. தொகுதிகளில் ஐந்தில் நான்கு பங்கு பென்னுக்கு விழுந்தும் மனிதர் தோற்றார். முதல் சுற்றில் மூன்றாவதாக வந்து வெளியேறிய சில்கினுக்குப் போட்ட சில இடதுசாரி எம்.பி.க்கள் இரண்டாம் சுற்றில் யாருக்கும் போடாமல் ஒதுங்கிக்கொண்டார்கள். பின்னாளில் கட்சித் தலைவரான நீல் கின்னக்கும் அதில் ஒருவர். இடதுசாரியை இடதுசாரியே கவிழ்த்த இந்த இடத்தைத் தேர்வில் எழுதாமல் விடுவதுதான் எனக்குப் பொறுக்காது.

வீட்டுப்பாடமும் அதுதான். எம்.பி.க்களில் ஹீலிக்கு 137 பேர், பென்னுக்கு 71 பேர், ஆக 208. ஒதுங்கியவர்களில் எத்தனை பேர் பென் பக்கம் வந்திருந்தால் முடிவு மாறியிருக்கும்? 137ஐ 208ஆல் வகுத்து 30ஆல் பெருக்கினால் ஹீலியின் எம்.பி. பங்கு வரும். 208ஐ ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போங்கள், ஹீலியின் மொத்தம் 50க்குக் கீழே இறங்கும்வரை. போன வாரம் என் அண்ணன் மகன் ஒரு கையில் காதோ பிமா என்கிற மிளகாய் வடையும் மறு கையில் கால்குலேட்டருமாக உட்கார்ந்து போட்டான். "நாலு பேர், அத்தை" என்றான். இன்னொரு தரம் போடச் சொன்னேன். ஐந்து பேர்.